பிளக்கில் கரண்ட் இல்லை

1987. நான் பத்தாம் வகுப்பு. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தோடு இருந்தது, தனி மாவட்டம் ஆனதெல்லாம் 2004-ல். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கு வருவேன். மின்சாரப் பாடம் தொடங்கிய அன்று சயின்ஸ் சார் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சுவரில் இருந்த பிளக்கைக் காட்டி, "இதில கரண்ட் இருக்குதாடா?" என்று கேட்டார்.

"இருக்குது சார்!" என்று வகுப்பே கத்தியது. சார் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வைத்தார். எரிந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

"இப்ப இருந்தது. நான் வைக்கிறதுக்கு முன்னாடி இல்லை," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. சார் பொறுமையாகச் சொன்னார்: கரண்ட் என்றால் ஓட்டம். ஓடினால்தான் அதற்கு அந்தப் பெயர். சும்மா இருக்கிற பிளக்கில் காத்துக்கொண்டிருப்பது மின்னழுத்தம், 230 வோல்ட். டெஸ்டரின் தலையில் விரல் வைத்ததும் அதற்குள் இருக்கும் பெரிய தடை வழியாக, உடம்புக்கு உறைக்காத அளவு, துளி ஓட்டம் போனது. அதில்தான் அந்தச் சின்ன விளக்கு எரிந்தது.

நம் ஊர்ப் பேச்சில் எல்லாமே கரண்ட்தான். கரண்ட் இருக்கு, கரண்ட் போயிடுச்சு, கரண்ட் அடிச்சிடுச்சு, கரண்ட் பில் வந்திருக்கு. சொல் ஒன்று, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விஷயம் இல்லை. பாடத்தில் வரும் மின்தடை என்ற சொல்லிலும் அதே சிக்கல் உண்டு. செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்றால் நாளைக்கு மின்சாரம் வராது. பாடப் புத்தகத்திலோ, ஓட்டத்தைக் கம்பி எவ்வளவு எதிர்க்கிறது என்பது மின்தடை. அந்த வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசியவர்கள். தமிழ் பேசிய எங்களுக்கே குழப்பமாக இருந்ததைச் சார் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார். ஓட்டத்துக்கு ஆம்பியர், அழுத்தத்துக்கு வோல்ட், தடைக்கு ஓம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம். 1827-ல் இதை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் ஓம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாத்தியார் என்று சொல்லும்போது சார் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

முதலில் எங்கள் பக்கத்து கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையை வைத்துத்தான் விளக்கினார். அணையில் நிற்கும் தண்ணீரின் உயரம் அழுத்தம், வாய்க்காலில் போவது ஓட்டம், மதகின் குறுகல் தடை. வாய்க்கால் பாசனத்துப் பிள்ளைகளான எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "வாய்க்கால் தண்ணி அணைக்குத் திரும்பி வர்றதில்லையே சார்?" என்றான். சார் அவனைத் திட்டவில்லை. "சரியாக் கேட்டடா" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் நின்ற தன் சைக்கிளைக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்தார்.

அந்த அரை மணி நேரம்தான் என் பிழைப்பு. மிகையாகச் சொல்லவில்லை.

பெடலைச் சுற்றினார். பின்சக்கரம் அதே கணம் சுழன்றது. "பெடல்கிட்ட இருக்கிற கண்ணி சக்கரத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் சக்கரம் காத்திருந்துச்சா?" இல்லை. செயின் மொத்தமாக நகர்ந்தது. கம்பிக்குள்ளும் அப்படித்தான். எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது, ஆனாலும் சுவிட்சைப் போட்டால் விளக்கு உடனே எரியும். (வீட்டு மின்சாரத்தில் அவை ஊர்வலம்கூடப் போவதில்லை, நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகின்றன.) அப்புறம் செயினைக் கழற்றினார். பெடல் சுற்றியது, சக்கரம் அசையவில்லை. எங்கே அறுந்தாலும் மொத்தமும் நிற்கும். அதுதான் மின்சுற்று.

மூன்று டார்ச் பேட்டரியில் ஒரே மாதிரி இரண்டு பல்பைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, எது அதிகமாக எரியும் என்று கேட்டார். முதல் பல்பு கரண்டைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததுக்கு என்று நான் அடித்துச் சொன்னேன். இரண்டும் ஒரே மாதிரி மங்கலாக எரிந்தன. இடம் மாற்றியும் அப்படியே. "செயின்ல கண்ணி குறைஞ்சுதா?" என்றார். பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை, ஓட்டம் குறையாமல் திரும்பிவிடுகிறது. அதே பல்புகளைப் பக்க இணைப்பில், ஒவ்வொன்றுக்கும் தனி வழி விட்டு மாட்டியதும் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையவில்லை. மாரியம்மன் பண்டிகை சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே ஏன் இருளுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பியூஸ் பாடம் எனக்கு வீட்டில் நடந்தது. அப்பாவின் கிணற்றில் 5 குதிரைத் திறன் மோட்டார், மூன்று பேஸ், அதாவது மூன்று கம்பியில் மின்சாரம் வரும். சரியாக ஓடினால் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று அப்பா செம்புக் கம்பியை நாலைந்து இழையாக முறுக்கிக் கட்டியிருந்தார். ஒரு ராத்திரி ஒரு பேஸ் போனது. மிச்சம் இரண்டில் மோட்டார் முக்கி முனகி அதிகமாக இழுத்தது. ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. உருக வேண்டிய பியூஸ் கம்பி உருகவில்லை, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் கருகியது. சுருளைப் புதிதாகக் கட்டி வருவதற்குள் முக்கால் ஏக்கர் தக்காளி வாடிவிட்டது. அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் சாரிடம் சொன்னேன். பெட்டிக்கடையிலிருந்து காலி சிகரெட் பெட்டி வாங்கிவரச் சொன்னார். உள்ளே இருந்த வெள்ளிக் காகிதத்தை நடுவில் மெலிதாக நறுக்கி, பேட்டரியின் இரு முனையிலும் தொட்டார். மெலிந்த இடத்தில் சட்டென்று எரிந்து அறுந்தது. "இது செத்து மத்ததைக் காப்பாத்துது. உங்கப்பா அதைச் சாக விடலை. வீட்ல போய்ப் பதமாச் சொல்லு," என்றார்.

நான் சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியனாக 26 வருடம் ஓட்டிவிட்டேன். புதிதாக வரும் தம்பிகளிடம் முதலில் கேட்பது சாரின் கேள்விதான். பதிலும் வகுப்பில் நாங்கள் சொன்னதேதான். உடனே ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டுவேன். போகிற ஓட்டமும் திரும்புகிற ஓட்டமும் சமமா என்று அது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது தொட்டு உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போனால் வித்தியாசம் வரும். அது 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். ஈர உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் ஓடும், கணக்கை அவர்களே போடட்டும் என்று விடுவேன். போட்டு முடித்ததும் முகம் மாறும்.

போன பொங்கலுக்குப் போனபோது அப்பா வீட்டிலும் ஒன்று மாட்டினேன். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றாம் தேதி காலையில் போன் வருகிறது. "ஏம்பா, அமுக்கினேன். டக்குனு விழுந்துச்சு. ஓட்டம் நின்னுடுச்சு." கரண்ட் என்று அவர் சொல்வதில்லை.