பெரிய பெயரா, முழு உதவித்தொகையா?

எம்.பி.ஏ.வுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்றின் பெயரைச் சொன்னாலே புருவம் உயரும். ஆனால் செலவு முழுக்கக் கடன். இன்னொன்றை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டணம் முழுவதையும் அவர்களே ஏற்கிறார்கள். "இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பாதிப் பேர் முதல் கல்லூரியை நினைத்துக் கேட்டார்கள், மீதிப் பேர் இரண்டாவதை!

முதலில் கடன் கணக்கு. 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால், வாங்கும் ஒவ்வொரு 100-க்கும் ஏறக்குறைய 159 கட்ட வேண்டும். படிக்கும் இரண்டு வருடம் தவணை கட்டாவிட்டாலும் வட்டி ஓடும். அதையும் அசலில் சேர்த்தால் 190.

அப்புறம் வேலைவாய்ப்பு அறிக்கைகள். சராசரிச் சம்பளத்தை நான் நம்பவில்லை. நாலு பேர் பெரிதாக வாங்கினாலே அது ஏறிவிடும். மீடியனை, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதைப் பார்த்தேன், கூடவே எத்தனை பேர் சம்பளத்தைச் சொல்லியிருக்கிறார்கள் என்ற அடிக்குறிப்பையும். ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்குத்தான் நேரில் வந்து ஆள் எடுக்கும். அந்த வேலைதான் வேண்டுமென்றால் கடன் வாங்குவதில் நியாயம் உண்டு. எனக்கு வேண்டியது சப்ளை செயின், அதாவது மூலப்பொருள் வாங்குவதிலிருந்து சரக்கைக் கொண்டு சேர்ப்பது வரையிலான வேலை. அதில் ஆள் எடுப்பவர்கள் என் முன் அனுபவத்தைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள்.

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வையும் படித்தேன். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்கள், அங்கே படித்தவர்கள் அளவுக்கே ஏறக்குறைய சம்பாதித்தார்களாம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் பலன் தெரிந்தது. அது இளங்கலை மாணவர்களைப் பற்றியது என்பதால் எனக்குப் பாதி ஆறுதல்தான்.

அதிகம் மெனக்கெட்டது உதவித்தொகைக் கடிதத்தோடுதான். "இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படலாம்" என்று ஒரு வரி. 'லாம்' என்றால் எப்படி? எவ்வளவு மதிப்பெண் வேண்டும், போன வருடம் எத்தனை பேர் இழந்தார்கள், ஒரு பருவம் சறுக்கினால் மீட்க வாய்ப்பு உண்டா என்று எழுதிக் கேட்டேன். மதிப்பெண் வரம்பு எழுத்தில் வந்த பிறகுதான் அடுத்த அடி. அதே கடிதத்தைக் காட்டிப் பெரிய கல்லூரியிடமும் சலுகை கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறைத்தார்கள், போதவில்லை.

உதவித்தொகையையே எடுத்தேன். ஆள் எடுக்கும் பருவத்தில் நிறுவனங்கள் தேடி வரவில்லை. முன்னாள் மாணவர்களுக்கு லிங்க்ட்இன்னில் நானேதான் எழுதினேன். பலர் பதிலே போடவில்லை. பதில் போட்ட ஒருவர் வழியாகத்தான் இன்டர்ன்ஷிப் கிடைத்தது.