ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பீரியட்

மாலத்தீவுல வெள்ளியும் சனியும் லீவு, ஞாயித்துக்கிழமை ஸ்கூல். வேலைக்கு போறதுக்கு முன்னாடியே இது தெரியும், ஆனா தெரிஞ்சு வச்சிருக்கிறதும் அதுக்குள்ள இருந்து வாழறதும் வேற வேற. எங்க ஊரு நாகர்கோவில் பக்கம், சிஎஸ்ஐ சபை, ஞாயித்துக்கிழமைன்னா எட்டு மணிக்கு முதல் மணி, எட்டரைக்கு ரெண்டாவது மணி, ஆராதனை ஆரம்பிச்சுரும், காய்ச்சல்னாலும் அம்மா விடமாட்டாங்க. அப்படி வளந்தவ 2009 ஜனவரில எம்எஸ்சி பிஎட்ட கையில வச்சிக்கிட்டு, வீட்டுக்கடன் ஒண்ணு தலமேல நிக்க, தெற்கே ஹுவாது அட்டோல்ங்கிற பவளத்தீவுக் கூட்டத்துல ஒரு சின்ன தீவுக்கு கெமிஸ்ட்ரி டீச்சரா போனேன். அங்க மணி நம்மூரவிட அரைமணி பின்னாடி. ஊர்ல ரெண்டாவது மணி அடிக்கும்போது எனக்கு அங்க எட்டு மணி, ரெண்டாவது பீரியட் பாதி ஓடிட்டிருக்கும். அம்மா கோயில் வாசல்ல நின்னு போன ஆஃப் பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பாங்க. மேஜை டிராயருக்குள்ள சாக்பீஸ் டப்பா பக்கத்துல சைலண்ட்ல கிடக்கிற போன் 'டர்ர்ர்'னு ஒரு தடவ அதிரும், அவ்வளவுதான். ஏழு வருஷம் எனக்கு கோயில் மணி அதுதான்.

திருவனந்தபுரத்துல இருந்து மாலே ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவு பக்கம். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி அங்க ஏற்கனவே வேலை பாத்த ஒரு அக்கா உக்கார வச்சு சொன்னாங்க, "பைபிள் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்க, உனக்கு மட்டும், கைப்பிரதி நோட்டீசு எதுவும் பெட்டியில வேண்டாம், யார்கிட்டயும் மதத்தப்பத்தி பேச்ச எடுக்காத." அந்த நாட்டோட 2008 அரசியல் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவங்க குடிமகனாவே ஆக முடியாது, அது போக மத்த சட்டங்கள்படி வேற மதத்து ஆராதனை வெளியில கூடாது, பிரசங்கம் கூடவே கூடாது. சர்ச்னு ஒண்ணு நாடு பூரா கிடையாது. இதெல்லாம் தெரிஞ்சுதான் நான் கையெழுத்து போட்டேன், அதனால அந்த சட்டத்தப்பத்தி இப்ப குறை சொல்ல வரல, ஒருத்தர் வீட்டுக்கு சாப்பாட்டுக்குன்னு போனா அந்த வீட்டு ஒழுங்குக்கு உக்காரணும்னுதான் எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்காங்க. என் பயம் வேற. சபை இல்லாம, திருவிருந்து இல்லாம, ஒரு போதகர் முகத்த பாக்காம எத்தன மாசத்துல நான் காஞ்சு போவேன்ங்கிறதுதான்.

தீவு நடந்தா இருபது நிமிஷத்துல ஒரு கோடியில இருந்து மறு கோடி. மண் ரோடு, பவளக்கல் மதில், வாசல்ல கயிறு பின்னின ஜோலி நாற்காலி. எனக்கு குடுத்த ரூமு ஒரு வீட்டோட பின்கட்டு, சுவர் மெல்லிசு, அந்த பக்கம் வீட்டுக்காரம்மா இருமுறது கேக்கும், அப்ப நான் பாடுறதும் அவங்களுக்கு கேக்கும்ல. அதனால ஃபேன ஃபுல்ல வச்சிட்டு, கட்டில்ல சுவருக்கு முதுக காட்டி உக்காந்து, வாய்க்குள்ளயே கீர்த்தனை பாடுவேன். பாட்டு தொண்டையில இருந்து வெளிய வராது, உதடு மட்டும் அசையும். முதல் வருஷம் இத நினைச்சு அழுதிருக்கேன். 139ஆம் சங்கீதத்த ராத்திரி ராத்திரி வாசிப்பேன், சமுத்திரத்தோட கடைசில போய் இருந்தாலும் அங்கயும் உம்முடைய கைன்னு வர்ற இடம், ஊர்ல எத்தனையோ தடவ வாசிச்சதுதான், நாலு பக்கமும் கடல் சத்தம் கேக்குற ரூமுக்குள்ள வாசிக்கும்போது வேற மாதிரி இருந்துச்சு.

ஒரு ஆறுதல், பெரிய வெள்ளி எனக்கு எப்பவும் லீவு, வெள்ளிக்கிழமைதான லீவே. அன்னைக்கு பன்னெண்டுல இருந்து மூணு மணி வரைக்கும் இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒண்ணொண்ணா வாசிச்சு தனியா தியானம் பண்ணுவேன், அதே நேரத்துல வெளிய பள்ளிவாசல்ல ஜும்மா பிரசங்கம் மைக்குல ஓடும். ஆனா ஈஸ்டர் அன்னைக்கு ஸ்கூல். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு விடியக்காலம் எழும்பி ஜெபம் பண்ணிட்டு ஏழு மணிக்கு மோல் கான்செப்ட் நடத்தப் போவேன். கிறிஸ்துமஸ் மட்டும் தப்பிச்சேன், அப்பல்லாம் டிசம்பர் வருஷ லீவு, ஊருக்கு வந்துருவேன்.

ரமழான் மாசம் எனக்கு கத்துக் குடுத்தத நான் எந்த உபவாச கூட்டத்துலயும் கத்துக்கல. அங்க நோன்புக்கு ரோதான்னு பேரு. பூமத்திய ரேகைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிறதால எந்த வருஷமானாலும் பதிமூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல தண்ணி கூட கிடையாது. 2010ல ரமழான் ஆகஸ்ட்ல வந்துச்சு, பத்தாம் கிளாசுக்கு கேம்பிரிட்ஜ் பரீட்சை அக்டோபர் நவம்பர்ல, ப்ராக்டிகல் முடிக்கல, அதனால அந்த பிள்ளைகளுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா கிளாஸ் வச்சேன். டைட்ரேஷன். பியூரெட்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பிப்பெட்ல 25 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு. பிப்பெட்ல உறிஞ்ச ரப்பர் பல்பு நாலு இருந்துச்சு, உப்புக்காத்துல மூணு வெடிச்சு போச்சு, நாங்க காலேஜ்ல படிக்கும்போது வாயாலதான் உறிஞ்சுவோம், அதே பழக்கத்துல தண்ணிய வச்சு வாயால உறிஞ்சி பழகுங்கன்னு சொல்லிட்டேன். அது தப்பான பழக்கம்னு தெரிஞ்சே சொன்னேன். ஒரு பிள்ள பிப்பெட்ட கையில பிடிச்சிக்கிட்டு நிக்குது, உறிஞ்சல, மத்த பிள்ளைகள பாக்குது, அவங்களும் நிக்கிறாங்க, என்னம்மான்னு பக்கத்துல போனேன், ரொம்ப மெதுவா "மிஸ், ரோதா"ன்னுச்சு. உதடு ரெண்டும் காஞ்சு வெள்ளையா இருந்துச்சு. எனக்கு அப்படியே ஒரு மாதிரி ஆயிட்டு. அந்த பிள்ளைக்கு வாயில ஒரு சொட்டு போயிருமோன்னு பயம், அத டீச்சர்கிட்ட சொல்லவும் பயம், நான் ரெண்டுக்கும் நடுவுல கொண்டு நிறுத்திட்டேன்.

பைபிள்ல பவுல் எழுதுற அந்த 'இடறல்'ங்கிற வார்த்தை, அடுத்தவங்க மனசாட்சிக்கு நாம தடைக்கல்லா நிக்கிறது, அன்னைக்குத்தான் எனக்கு அர்த்தமாச்சு. அத்தன நாளும் அது ஊர்ல பிரசங்கத்துல வர்ற ஒரு வார்த்தை.

அன்னைக்கு எல்லாத்தையும் மூடி வச்சிட்டேன். மறுநாள் இஸ்லாம் பாடம் எடுக்குற சார்கிட்ட போய் நடந்தத சொன்னேன். விழுங்காட்டி நோன்பு முறியாதுதான், ஆனா பிள்ளைங்க மனசுல சந்தேகத்தோட செய்ய வேண்டாம்னாரு. சொன்னதோட விடல, சாயங்காலம் தீவோட ஹெல்த் சென்டர்ல போய் புது சிரிஞ்சு ஒரு பத்து வாங்கிட்டு வந்து குடுத்தாரு. ஊசிய கழட்டி, சின்ன ரப்பர் டியூப் ஒண்ண வெட்டி பிப்பெட் மேல மாட்டி, சிரிஞ்ச இழுத்தா 25 மில்லி கோட்டுக்கு கரெக்டா ஏறுது, வாய் வைக்கவே வேண்டாம். அந்த பிள்ள முதல்ல செஞ்சுச்சு, பினாப்தலீன் ரோஸ் கலர் போய் ஒரே சொட்டுல தண்ணி மாதிரி ஆனப்ப அது முகத்த பாக்கணுமே. அதுக்கப்புறம் வாயால உறிஞ்சுறத நான் எந்த வகுப்புலயும் சொல்லிக் குடுக்கல.

அந்த வருஷத்துல இருந்து ரமழான்ல ஸ்கூல்ல நானும் தண்ணி குடிக்கிறத விட்டுட்டேன். யாரும் சொல்லல, நோன்புன்னும் நான் பேர் வைக்கல. நாலு பீரியட் கத்தி பாடம் நடத்தி தொண்ட வறண்டு போயிரும், அப்படியே ரூமுக்கு வந்துதான் குடிப்பேன். வீட்டுக்காரம்மா எப்படியோ கவனிச்சிருக்காங்க. ஒருநாள் பாங்கு சொன்னதும் கதவ தட்டி ஒரு தட்டு, பேரீச்சம்பழம், மீன் வச்ச பஜியா, குல்ஹி போகிபாங்கிற காரமான மீன் கேக்கு, ஒரு கிளாஸ் ஜூஸ். அவங்க கண் ஆபரேஷனுக்கு திருவனந்தபுரத்துல ரெண்டு மாசம் இருந்தவங்க, மாலத்தீவுக்காரங்க நிறைய பேரு வைத்தியத்துக்கு திருவனந்தபுரத்துக்குத்தான் வருவாங்க, மலையாளத்துல நாலு வார்த்த தெரியும், "கழிக்கு, கழிக்கு"ன்னாங்க. அந்த தட்டு அன்னைல இருந்து மாசம் முடியுற வரைக்கும் வந்துச்சு, அதுக்கப்புறம் நான் இருந்த எல்லா ரமழானும் வந்துச்சு.

இன்னொண்ணு சொல்லணும், இது எனக்கு இன்னும் உறுத்துறது. எட்டாம் கிளாஸ் பையன் ஒருத்தன் வகுப்பு நடுவுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "மிஸ், நீங்க நமாது செய்வீங்களா?"ன்னு கேட்டான். நமாதுன்னா தொழுகை. அவன் சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேட்டான், ஒரு கெட்ட எண்ணமும் இல்ல. முப்பது முகம் என்னையே பாக்குது. நான், "பீரியாடிக் டேபிள் பக்கத்த திறங்க"ன்னுட்டு போர்டு பக்கம் திரும்பிட்டேன். ராத்திரி தூக்கம் வரல. இயேசுவோட சீஷன் பேதுரு நெருப்பு பக்கத்துல நின்னு நான் அவர அறியேன்னு சொன்னதும் நான் செஞ்சதும் ஒண்ணா? சட்டத்துக்கு பயந்தனா, இல்ல வேலைக்கு பயந்தனா? ரெண்டு நாள் கழிச்சு அந்த பையன் நோட்டு குடுக்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்தப்ப, நானா சொன்னேன், "நீ கேட்டல்ல, நானும் தெனம் ஜெபம் பண்ணுவேன், உங்க எல்லாருக்காகவும் பரீட்சைக்கு முன்னாடி பண்ணுவேன்." அவன் "ஓகே மிஸ்"னு சிரிச்சிட்டு போயிட்டான். அவ்வளவுதான் சொன்னேன், அதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதியும் இல்ல, அது பொய்யும் இல்ல. வருகைப் பதிவேட்ட எடுத்து ராத்திரி ஒவ்வொரு பேரா வாசிச்சு ஜெபம் பண்றது அப்படித்தான் எனக்கு பழக்கமாச்சு, அதுவரைக்கும் சும்மா 'எல்லா பிள்ளைகளுக்காகவும்'னுதான் பண்ணிட்டிருந்தேன். பேர் சொல்லி ஜெபம் பண்ணின பிள்ளைய மறுநாள் கோவமா திட்ட வாய் வரமாட்டேங்குது.

2011 ஏப்ரல்ல டாலர் 12.85 ருஃபியால இருந்து (அங்கத்த பணம்) 15.42க்கு ஏறுனப்ப சம்பளம் ருஃபியால வாங்குற எங்களுக்கு ஊருக்கு அனுப்புற காசு குறைஞ்சுட்டு. கடன் கட்டணும், சம்பளத்துல பத்துல ஒரு பங்கு சபைக்கு குடுக்குற தசமபாகமும் அனுப்பணும். அந்த மாசம் கணக்கு போட்டு கை நடுங்குச்சு, ஆனா தசமபாகத்துல கை வைக்கல.

2013 ஜூன்ல அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரில சேத்து ஸ்டென்ட் வைக்கணும்னு தம்பி போன் பண்ணினான். அது ஹுல்ஹங்கு காலம், தென்மேற்கு காத்து, கடல் பயங்கரமா பொங்கும், படகு மூணு நாளா எடுக்கல. ஏர்போர்ட் இருக்கிற தீவுக்கே போக வழியில்ல. நான் ஜெட்டில நின்னு கடல பாத்துட்டு நிக்கிறேன், அந்த இஸ்லாம் சார் சைக்கிள நிறுத்திட்டு வந்தாரு, ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. "அம்மா பேரு என்ன?"ன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு ஒரு நிமிஷம் பேசாம நின்னாரு, ஏன்னா அது இயேசுவோட அம்மா பேரு, அவங்க உச்சரிப்புல அந்த தீவுல வீட்டுக்கு ஒருத்தருக்கு அந்த பேரு இருக்கு, அவரோட மகளுக்கும் அதான். "மஃரிபுக்கு அப்புறம் துஆ கேக்குறோம்"னு, அதாவது சாயங்கால தொழுகைக்கு அப்புறம் அம்மாவுக்காக வேண்டுறோம்னு, சொல்லிட்டு போனாரு. அன்னைக்கு ராத்திரி எங்க சபைல முழு இரவு ஜெபம் வச்சிருந்தாங்க, இங்க பள்ளிவாசல்ல என் அம்மா பேர சொல்லி கேட்டிருக்காங்க, நடுவுல நான் ஃபேன் சத்தத்துக்குள்ள முழங்கால்ல இருந்தேன். நாலாவது நாள் படகு எடுத்தாங்க. நான் போய் சேந்தப்ப அம்மா கட்டில்ல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருந்தாங்க.

கடன் முடிஞ்சு 2015 கடைசில வேலைய விட்டுட்டு வந்துட்டேன். புது வருஷத்து முதல் ஞாயித்துக்கிழமை, எட்டரை மணி, அம்மா பக்கத்துல உக்காந்திருக்கேன், ஆர்கன் ஆரம்பிச்சு சபை எல்லாரும் எழும்பி பாடுறாங்க. நானும் பாடுறேன். எல்லா வரியும் தெரியும், மனசு நிறைஞ்சுதான் இருக்கு, ஆனா சத்தம் வெளிய வரல, உதடு மட்டும் அசையுது. அம்மா குனிஞ்சு என் முகத்த பாத்தாங்க.

"என்ன மக்களே, வாய்க்குள்ளயே பாடுக?"

தொண்டைய செருமிட்டு அடுத்த சரணத்துல சத்தமா பாட பாத்தேன். ரெண்டு மூணு வாரம் ஆச்சு சத்தம் வர.