ஜிஆர்பிசி சேவைக்கு ஏபிஐ சாவிச் சரிபார்ப்பு அமைத்த அனுபவம்

கோ மொழியில் எழுதிய எங்கள் ஜிஆர்பிசி (ஒரு நிரல் இன்னொரு நிரலின் மெத்தடுகளை, அதாவது செயல்பாடுகளை, நெட்வொர்க் வழியே அழைக்கும் முறை) சேவைகள் உள் நெட்வொர்க்கில் மட்டும் இயங்கிய வரையில், அழைப்பவர் யார் என்று அவை கேட்டதே இல்லை. வெளியாருக்கும் அவற்றைத் திறக்க வேண்டி வந்தபோது, அழைப்பு உள்ளே நுழையும் இடத்திலேயே ஏபிஐ சாவியை, அதாவது அழைப்பவரை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீட்டை, சரிபார்க்கும் இன்டர்செப்டரை (அழைப்பை இடைமறித்துச் சோதிக்கும் நிரல்பகுதி) எழுதும் பணி என்னிடம் வந்தது.

அழைப்புடன் சேர்ந்து வரும் கூடுதல் விவரங்களான மெட்டாடேட்டாவிலிருந்து சாவியை எடுத்து, அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை (மூலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி கணக்கிடும் மதிப்பு) தரவுத்தளத்தில் தேடினேன். கடவுச்சொல்லுக்கு வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட பிகிரிப்ட் போன்ற ஹாஷ் தேவை. ஆனால் 32 பைட் ரேண்டம் மதிப்பிலிருந்து உருவான சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்க இயலாது என்பதால், ஒவ்வோர் அழைப்பிலும் நடக்கும் சோதனைக்கு வேகமான ஹாஷே பொருத்தமானது.

நான் எழுதிய சோதனைகள் எல்லாம் தேறின. வெளியிடுவதற்கு முன் சாவியே இல்லாமல் ஒவ்வொரு மெத்தடையும் அழைத்துப் பார்த்தபோதுதான், ஸ்ட்ரீம் மெத்தடுகள் (ஒரே அழைப்பில் பல செய்திகள் தொடர்ந்து செல்லக்கூடியவை) எந்தத் தடையுமின்றித் தரவை அனுப்புவதைக் கண்டு அதிர்ந்தேன். ஒரு கோரிக்கைக்கு ஒரு பதில் தரும் யூனரி அழைப்புக்கும் ஸ்ட்ரீம் அழைப்புக்கும் இன்டர்செப்டரைத் தனித்தனியே பதிய வேண்டும். நான் முதலாவதை மட்டும் பதிந்திருந்தேன். இரண்டாவதை எழுதுவதும் வெறும் நகலெடுப்பாக இல்லை. யூனரியில் வாடிக்கையாளர் விவரம் சேர்த்த கான்டெக்ஸ்டை (அழைப்புடன் கூடவே செல்லும் தகவல் தொகுப்பு), அழைப்புக்குப் பதில் தயாரிக்கும் ஹேண்ட்லருக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம். ஸ்ட்ரீமிலோ, சர்வர் ஸ்ட்ரீமைச் சுற்றி ஒரு உறை எழுதி, அதன் கான்டெக்ஸ்ட் மெத்தடு நம்முடையதைத் திருப்பித் தருமாறு செய்ய வேண்டும்.

அந்த உறையே இன்னொரு சிக்கலையும் தீர்த்தது. ஸ்ட்ரீம் தொடங்கும்போது மட்டுமே சாவி சோதிக்கப்படுவதால், நடுவில் அதை ரத்து செய்தாலும், ஏற்கெனவே திறந்த ஸ்ட்ரீம் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். செய்தியைப் பெறும்போதும் அனுப்பும்போதும், முந்தைய சோதனை நடந்து ஒரு நிமிடம் கடந்திருந்தால் மீண்டும் சோதிக்குமாறு உறைக்குள் சேர்த்தேன்.

பிழைக் குறியீடுகளிலும் கவனம் தேவைப்பட்டது. சாவி இல்லை அல்லது தவறு என்றால் 16, சாவி சரியாக இருந்து அனுமதி இல்லை என்றால் 7. தரவுத்தளமே எட்டாத நேரத்தில் 14 அனுப்ப வேண்டும். அப்போதும் 16 அனுப்பினால், நல்ல சாவி வைத்திருப்பவர் அது செல்லாது என்று நம்பி அதை மாற்றப் போய்விடுவார்.

இப்போது எங்கள் சோதனைத் தொகுப்பு, சர்வரில் பதிவான மெத்தடுகளின் பட்டியலை சர்வரிடமிருந்தே வாங்கி, சேவை இயங்குகிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் தவிர மற்ற அனைத்தையும் சாவியின்றி அழைக்கிறது. ஒன்றாவது 16 தவிர வேறு பதில் தந்தால் பில்டு (வெளியீட்டைத் தயாரிக்கும் பணி) நின்றுவிடும்.