பாட்டி யாருக்கு இரத்தம் கொடுக்கிறாள்?

சூனியக்காரிகளின் குடும்பம் ஒன்றைப் பற்றிய வெப்காமிக்கை, அதாவது இணையத்தில் வரும் படக்கதையை, வாராவாரம் தவறாமல் படித்து வருகிறேன். கைப்பேசித் திரையைத் தள்ளத் தள்ள ஒரு கட்டத்தின் கீழ் மற்றொன்றாக நீண்டு இறங்கும் வகையைச் சேர்ந்தது அது. கதாநாயகிக்கு மூச்சு முட்டும் பதற்றம் வரும்போதெல்லாம் ஓவியர் எதையும் வரையாமல் வெறும் கறுப்பை மட்டும் விட்டுவிடுகிறார். அது எங்கே முடியும் என்று தெரியாமல் நாமும் விரலால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அச்சுப் புத்தகமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டித் தப்பித்துவிடலாம்.

கதையின் முடிச்சு பாட்டியிடம் இருக்கிறது. வம்சத்திலேயே பெரிய மந்திரக்காரியான அவள், இரவுதோறும் ஒளித்து வைத்த உப்பு ஒன்றை விழுங்குகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கோ போய் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறாள். மந்திரக்கோலைப் பிடித்தால் கை நடுங்குகிறது. பேத்தி இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, பாட்டி ஏதோ ஓர் இரத்தக் காட்டேரிக்குத் தவணை கட்டுகிறாள் என்ற முடிவுக்கு வந்து, பல அத்தியாயங்கள் பூண்டும் கையுமாக அலைகிறாள். உண்மையில் அந்த உப்பு லித்தியம். மனவெழுச்சி கட்டுமீறும் நோயாளிகளுக்கு அது உதவுகிறது என்று ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949ஆம் ஆண்டில் எழுதினார். உற்சாகமும் சோர்வும் அளவுமீறி மாறி மாறி வரும் இருமுனையக் கோளாறுக்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். கை நடுக்கம் அதன் பக்கவிளைவு. காட்டேரியைவிட ஆய்வகச் சீட்டு சுவாரசியமாக அமைந்த கதை வேறொன்றை நான் படித்ததில்லை.

ஆனால் அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. ஆகவே, குடும்ப நல ஆலோசகர்கள் பயன்படுத்தும் ஜீனோகிராம் என்ற வம்சப்படத்தை வரைந்து பார்த்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி, பகைக்கு ரம்பப்பல் போன்ற கோடு, நோயுள்ளவருக்குப் பாதிக் கறுப்பு என்று 1985ஆம் ஆண்டில் மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் எழுதிய நூலின் வழியே பரவிய குறியீடுகள் அவை. சூனியக்காரிகளின் பெயர்கள் வாயில் நுழையாதவை என்பதால் அவற்றை எழுதாமல் சிறு குறிப்புகளை மட்டும் எழுதி, தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா அந்தத் தாளின் முன்னால் அமர்ந்திருந்தார்.

"உன் பெரிய அத்தையைப் பற்றி உனக்கு யார் சொன்னது?"

"எந்த அத்தையம்மா?"

"நடிக்காதே. வட்டம், பாதிக் கறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம். என்னிடம் மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு, உன் அப்பாவே சொல்லிவிட்டாராக்கும்!"

"அம்மா, இது சூனியக்காரிகளின் குடும்பம்."

"அப்பா வீட்டாரை அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று கண்டித்தவர், சற்று யோசித்துவிட்டு, "சொன்னாலும் எழுதி வைக்கக்கூடாது" என்றார்.

பெரிய அத்தைக்குச் சர்க்கரை நோய் என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லப்பட்டிருந்தது. சர்க்கரை நோய்க்காரர் எப்படி ஒவ்வொரு விசேஷத்திலும் இனிப்புத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊசியில் நூல் கோக்க எங்களைக் கூப்பிடுவதற்குப் பார்வைக் குறைவு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே அத்தை மருந்துப் பெட்டியின் பொடி எழுத்துகளைக் கண்ணாடி இல்லாமல் வாசித்துக் காட்டுவார். பேத்தியைப் போல நாங்கள் காட்டேரி வரைக்கும்கூட யோசிக்கவில்லை என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

இதற்குள் அம்மா பென்சிலை எடுத்துத் திருத்தங்களில் இறங்கிவிட்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவே நான் போட்டிருந்த ரம்பக் கோடு போதாது என்று இன்னும் நான்கு பற்களைச் சேர்த்தார். அதன் மேல் 'சுவடி யாருக்கு?' என்று எழுதியிருந்தேன். அந்தக் கதையில் சகோதரர்கள் மோதிக்கொள்வது மந்திரச் சுவடிக்காக. "வீட்டுப் பத்திரத்தைச் சுவடி என்று நாகரிகமாக எழுதியிருக்கிறாய்" என்று பாராட்டும் கிடைத்தது. ஒருவருக்கு நோய் பாதியளவு கிடையாது, கால் பங்குதான் என்று வாதாடி ஒரு சதுரத்தைக் கொஞ்சமாகக் கறுப்பாக்கியபோது, அது யார் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. என் சூனியக்காரிகள் அந்தத் தாளில் இருந்த இடமே தெரியவில்லை.

வேறு வழியின்றி வெப்காமிக்கைத் திறந்து கையில் கொடுத்தேன். அம்மா முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்து முடித்தார். கறுப்புப் பகுதி வந்தபோது கைப்பேசி அணைந்துவிட்டது என்று இரண்டு தடவை என்னிடம் நீட்டினார். ஓவியர்மீது அவருக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்றுதான்: "பாட்டி மறைக்கிறாள், பேத்தி தேடுகிறாள், சரி. நடுவில் இருக்கும் மருமகள் எங்கே? இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் அவள்தானே? அவளுக்கு ஒரு கட்டம்கூட இல்லையே!" அது எனக்கும் நியாயமாகவே பட்டது.

அன்று இரவே மாமாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. தன் தம்பியிடம் அம்மா எதையும் மறைப்பதில்லை.

"என்னையும் அந்தப் படத்தில் போட்டிருக்கிறாயாமே? எனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவே என்ன கோடு?"

"நான் போடவில்லை மாமா. அம்மா போட்டார். ரம்பக் கோடு."

"இருக்கட்டும், அழிக்காதே. முதலில் அவர் வந்து அழிக்கிறாரா பார்ப்போம்."