பீட்டர் டோஷின் ஏழு தட்டுகளும் என் நோட்டுப் புத்தகமும்

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையின் பாடகர் பீட்டர் டோஷ் தனியாக வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் மொத்தம் ஏழு. முதலாவது 1976இல் வந்தது, கடைசி 1987இல். ஒரே ஆண்டில் அந்த ஏழு ஆல்பங்களையும் வினைல் இசைத்தட்டுகளாகத் தேடி வாங்கிவிடலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஒன்றரை ஆண்டு ஆகியது. போன சனிக்கிழமை ஏழாவது தட்டும் அலமாரிக்கு வந்துவிட்டதால், நடந்தவற்றை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

தொடங்கும்போதே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். வெளியான வரிசையில்தான் வாங்க வேண்டும். அடுத்த தட்டு கைக்கு வரும்வரை அதிலுள்ள பாடல்களைக் கைப்பேசியிலும் கேட்கக் கூடாது. மறுபதிப்பு வேண்டாம், அந்தக் காலத்தில் அச்சான தட்டுதான் வேண்டும். நான் இருப்பது லண்டனில் என்பதால் இது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தம் இசையையும் உடன் கொண்டுவந்த ஊர் இது. பிரிக்ஸ்டன் பக்கம் போனால் பழைய ரெகே தட்டுகளை இன்றும் பெட்டி பெட்டியாகப் புரட்டலாம்.

முதல் தட்டு ‘லீகலைஸ் இட்’. கஞ்சாத் தோட்டத்தின் நடுவே டோஷ் குந்தியிருக்கும் அந்த அட்டைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தலைப்புப் பாடலை ஜமைக்கா வானொலி ஒலிபரப்பவே மறுத்தது. எல்லோரும் அந்தப் பாடலைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்ததோ இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருக்கும் ‘பிராண்ட் நியூ செகண்ட் ஹேண்ட்’. அட்டையிலுள்ள விவரங்களைத் துருவியபோதுதான் அது புதுப்பாட்டு இல்லை என்று தெரிந்தது. பாப் மார்லி, பன்னி வெய்லர் இருவரோடும் ‘வெய்லர்ஸ்’ குழுவில் இருந்த நாட்களிலேயே டோஷ் அதைப் பதிவு செய்திருக்கிறார். அதே தட்டிலுள்ள ‘நோ சிம்பதி’யும் அப்படித்தான். அன்று ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் பழைய பதிவு, வலப்பக்கம் தனி ஆல்பத்தில் அவர் மறுபடி பாடியது. தட்டு சேர்ப்பதாக நினைத்துத் தொடங்கிய வேலை அந்தக் கோட்டோடு வேறு வேலையாகிவிட்டது.

இரண்டாவது தட்டான ‘ஈக்வல் ரைட்ஸ்’ (1977) கிடைக்க நான்கு மாதம் பிடித்தது. கிடைத்த பிறகு அதைவிட்டு நகர மனம் வரவில்லை. பக்கத்துக்கு நான்காக எட்டே பாடல்கள். ஒன்றைக்கூட எடுத்துவிட முடியாது.

முதல் பாடல் ‘கெட் அப் ஸ்டாண்ட் அப்’. மார்லியும் டோஷும் சேர்ந்து எழுதியது. வெய்லர்ஸ் 1973இல் வெளியிட்ட ‘பர்னின்’ ஆல்பத்தில் இதே பாடல் இருக்கிறது. அதில் டோஷின் குரல் தனியாக வருவது மூன்றாவது சரணத்தில்தான். அதுவரை அவர் மற்றவர்களின் குரலுக்குத் துணை நிற்பவர். ஈக்வல் ரைட்ஸில் முதல் அடியிலிருந்தே அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டேன். மார்லி பாடும்போது அது கூட்டத்தை எழுப்பும் பாட்டு. டோஷ் பாடும்போது எதிரே நிற்கும் ஒருவனின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கிறது. குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய கோபம் முழுவதும் அந்தத் தாழ்ந்த குரலில்தான் இருக்கிறது.

அடுத்தது ‘டவுன்பிரஸர் மேன்’. அடக்குபவனுக்கான ‘அப்ரஸர்’ என்ற ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கும்போது மேலே என்பதற்கான ‘அப்’ என்ற சொல்லின் ஓசை அதில் கேட்கிறது. மனிதனைக் கீழே தள்ளும் செயலுக்கு மேலே என்ற ஓசை எதற்கு என்று ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தாபாரி சமயத்தினர் அந்தச் சொல்லையே திருத்தி, கீழே என்று பொருள்படும் ‘டவுன்’ சேர்த்து மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சொல்தான் தலைப்பில் இருக்கிறது. பாடலின் வேர் ‘சின்னர் மேன்’ என்ற பழைய கறுப்பின பக்திப் பாடல். வெய்லர்ஸ் 1966இல் அதைப் பாடியிருக்கிறார்கள். இறுதித் தீர்ப்பு நாளில் எங்கே ஓடுவாய் என்று பாவியைக் கேட்ட பாட்டு, டோஷ் கையில் அடக்குபவனைப் பார்த்துக் கேட்கும் பாட்டாயிற்று. ஒற்றைச் சொல்லை மாற்றியதில் மொத்தக் கேள்வியும் வேறு ஆளின் பக்கம் திரும்பிவிட்டது. நோட்டில் இந்தப் பாடலுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

‘ஸ்டெப்பிங் ரேசர்’ பாடலை எழுதியவர் ஜோ ஹிக்ஸ். கிங்ஸ்டன் நகரின் டிரெஞ்ச் டவுன் பகுதியில் வெய்லர்ஸின் அந்த மூன்று இளைஞர்களுக்கும் குரல் சேர்த்துப் பாடக் கற்றுக்கொடுத்த ஆசான் அவர். ஆசானின் பாட்டைச் சீடன் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாம் பக்கம், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைப் பற்றிய ‘அபார்தைட்’ என்ற பாடலோடு முடிகிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘புஷ் டாக்டர்’ (1978) எளிதாகக் கிடைத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் சொந்த நிறுவனம் வெளியிட்டதால் நிறையவே அச்சடித்திருக்க வேண்டும். அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகருடன் சேர்ந்து பாடிய ‘டோன்ட் லுக் பேக்’ இதில்தான் இருக்கிறது. அது டெம்ப்டேஷன்ஸ் குழுவின் பாட்டு, டோஷ் 1960களிலேயே வெய்லர்ஸோடு பாடியது. ‘ஐ ஆம் தி டஃபஸ்ட்’, ‘சூன் கம்’ இரண்டும் பழையவையே. நோட்டின் இடப்பக்கம் வேகமாக நிறைந்தது. ஆனால் ஈக்வல் ரைட்ஸுக்கு அடுத்து இதைக் கேட்பது கொஞ்சம் ஏமாற்றம். ஸ்லை டன்பாரின் டிரம்ஸும் ராபி ஷேக்ஸ்பியரின் பேஸ் கித்தாரும் அற்புதம்தான். பாடல்களின் மேல்தான் பளபளப்பு கூடிவிட்டது. ‘மிஸ்டிக் மேன்’ (1979) பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். ‘தி டே தி டாலர் டை’ ஒன்றுக்காகவே அது அலமாரியில் இருக்கலாம்.

‘வான்டட் டிரெட் அண்ட் அலைவ்’ (1981) எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. இந்த ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பிலும் பிரிட்டன் பதிப்பிலும் பாடல் பட்டியல் ஒன்றல்ல. அது தெரியாமல் ஒன்றை வாங்கி வந்து, நான் எதிர்பார்த்த பாட்டு இல்லையே என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிரிக்ஸ்டன் கடைக்கார முதியவர் பின்னட்டையைப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் ஜமைக்காவின் வெஸ்ட்மோர்லண்ட் வட்டாரத்துக்காரர், டோஷ் பிறந்ததும் அங்கேதான். இப்போது இரண்டு பதிப்பும் என்னிடம் இருக்கின்றன. அதனால் ஏழு ஆல்பங்களுக்கு எட்டுத் தட்டுகள். பழைய தட்டு வாங்கும் யாரும் உறையை மட்டும் நம்பக் கூடாது. நடுவிலுள்ள லேபிளையும், பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். எந்த ஊர் அச்சு என்பதை அவையே சொல்லும்.

‘மாமா ஆப்பிரிக்கா’ (1983) இணையத்தில் வாங்கியது. இந்த மாமா தாய் என்ற பொருளில் வருவது. விற்றவர் நல்ல நிலையில் இருப்பதாக எழுதியிருந்தார். பெட்டியைப் பிரித்தால் தட்டு அப்பளம்போல் நெளிந்திருந்தது. முதல் இரண்டு பாடல்களில் ஊசி கடலில் தோணி போல ஏறி இறங்கியது. இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி மூன்று வாரம் விட்டேன். முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் ஊசி இப்போது தாவுவதில்லை. அடுப்பில் காட்டி நிமிர்த்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம், வரித்தடங்கள் கெட்டுவிடும். அழுக்குக்கு வடிநீரில் சில துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, மெல்லிய துணியால் வரியோட்டத்தின் திசையிலேயே துடைக்கிறேன். லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த நெளிந்த தட்டில் என் நோட்டுக்கு இரண்டு வரவுகள். ஒன்று, வெய்லர்ஸின் ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பத்தில் இருந்த ‘ஸ்டாப் தட் டிரெயின்’. மற்றொன்று ‘மாகா டாக்’. எலும்பும் தோலுமான நாய்க்கு இரங்கினால் அது திரும்பி உன்னையே கடிக்கும் என்பது ஜமைக்காவில் வழங்கும் பழமொழி. பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று நாம் சொல்வதுதான். டோஷ் இதை 1971இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜோ கிப்ஸுக்காகப் பாடினார். 12 ஆண்டு கழித்து மறுபடி பாடும்போதும் அந்தக் கசப்பு குறையவில்லை.

கடைசித் தட்டு ‘நோ நியூக்ளியர் வார்’. 1987இல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, கிங்ஸ்டனில் தன் வீட்டுக்குள் புகுந்த கொள்ளையர்களால் டோஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 42. சிறந்த ரெகே பதிவுக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது அடுத்த ஆண்டில். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

சனிக்கிழமை மாலை இதை முதன்முறையாக ஓடவிட்டேன். ‘ஃபைட் அபார்தைட்’ வந்ததும் எழுந்து போய் நோட்டை எடுத்தேன். ஈக்வல் ரைட்ஸின் கடைசிப் பாடலைத்தான் மறுபடி பாடியிருக்கிறார். நடுவில் 10 ஆண்டுகள். தென்னாப்பிரிக்காவில் மண்டேலா அப்போதும் சிறையில்தான் இருந்தார். நிலைமை மாறாததால் பாட்டையும் விடவில்லை. இடப்பக்கம் 1977, வலப்பக்கம் 1987 என்று எழுதிவிட்டு, அந்த 1977 தட்டை எடுத்து மறுபடி கடைசிப் பாடலில் ஊசியை வைத்தேன்.

நோட்டின் வலப்பக்கத்துக்கு உரியவை எல்லாம் இப்போது அலமாரியில் இருக்கின்றன. இடப்பக்கத்தில் பெரும்பாலும் சிறிய 7 அங்குலத் தட்டுகள், அவற்றில் என்னிடம் இருப்பவை மூன்றே. முதலில் தேடப்போவது 1971ஆம் ஆண்டு ‘மாகா டாக்’. ஜமைக்காவில் அச்சான சிறு தட்டுகளுக்கு நடுத்துளை பெரிதாக இருக்கும், டர்ன்டேபிளின் நடுக்கம்பியில் நிற்காது. அதற்கான அடாப்டரை வாங்கி டர்ன்டேபிள் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கடைக்கார முதியவர் தன் கிடங்கில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை போக வேண்டும்.