மண்டியிட்டு எழ உதவும் கைப்பிடிச் சட்டம்

கட்டிலுக்கு அடியில் உருண்டு போன மாத்திரைப் புட்டியின் மூடியை எடுப்பதற்காகச் சென்ற ஆண்டு ஒரு மதிய வேளையில் நான் மண்டியிட்டேன். மூடி கைக்கு அகப்பட்டுவிட்டது. ஆனால் என்னால் எழ முடியவில்லை. வலது முட்டியில் தேய்மானம் இருப்பது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றாலும், தரையிலிருந்து எழுவது ஒரு நாள் இயலாமல் போகும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கட்டில் விளிம்பைப் பற்றி இழுத்தேன். மெத்தை வழுக்கிக்கொண்டு என்னோடு வந்தது. அருகிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்து இழுத்தேன்; அது முன்னங்கால்களில் சாய்ந்து என் மேலேயே கவிழ வந்தது. வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. முடிவில் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டே சுவர்வரை தவழ்ந்து சென்று, அதன் முதுகைச் சுவரில் முட்டக் கொடுத்து, இருக்கையின் மீது இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக் கீழ்நோக்கி அழுத்தி எழுந்து நின்றபோது 20 நிமிடங்கள் கடந்திருந்தன.

இழுத்தபோது கவிழ வந்த அதே நாற்காலி, அழுத்தியபோது அசையாமல் என்னைத் தாங்கியது. இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். மண்டியிடவும் எழவும் உதவுவதற்கென்று விற்கப்படும் சட்டங்களும் பிடிகளும் பலவகை உண்டு. அவற்றில் எது உண்மையிலேயே உதவும், எது ஆபத்தில் கொண்டுபோய் விடும் என்பதை, நம் கைகள் அதன் மேல் எந்தத் திசையில் விசை கொடுக்கின்றன என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முட்டிக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடையின் முன்தசை முட்டிச் சில்லின் வழியாகத்தான் காலை நிமிர்த்துகிறது. முட்டி எவ்வளவு ஆழமாக மடிகிறதோ, அவ்வளவு வலுவாகச் சில்லு தொடை எலும்பின் மீது அழுத்தப்படுகிறது. 1972-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, சமதளத்தில் நடக்கும்போது அந்த இடத்தில் விழும் விசை உடல் எடையில் ஏறத்தாழப் பாதிதான். படி ஏறும்போது அது எடையைப் போல் 3 மடங்குக்குச் சற்று மேல். முழுமையாகக் குந்தி எழும்போதோ 7 மடங்கைத் தாண்டிவிடுகிறது. குருத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கு நடக்கும்போது தெரியாத வலி, தரையிலிருந்து எழும்போது உயிரை வாங்குவது இதனால்தான். இதே கணக்கில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. எழும்போது நம் எடையில் 15 கிலோவைக் கைகள் ஏற்றுக்கொண்டால், ஆழமாக மடிந்திருக்கும் முட்டிச் சில்லின் மீது குறைவது வெறும் 15 கிலோ அன்று, அதன் பல மடங்கு.

இதோடு தசையின் கதையும் சேர்ந்துகொள்கிறது. 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு 3 முதல் 8 சதவீதம் வரை குறைவதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. 60-ஐத் தாண்டிய பின் அந்தக் குறைவு இன்னும் வேகமெடுக்கும். இறங்கும்போது புவியீர்ப்பு நமக்குத் துணை செய்வதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. எழ முயலும் அந்தக் கணத்தில்தான் தெரியவருகிறது.

நான் முதலில் வாங்கியது, தோட்ட வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த மடக்குச் சட்டம். கடைகளில் இதை 'நீலர்' என்கிறார்கள். எங்கள் வீட்டில் மண்டிச் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டோம். நடுவில் நீள்சதுரமான மெத்தைப் பலகை, இருபுறமும் இரும்புக் குழாயால் ஆன சட்டங்கள். ஒரு பக்கமாக வைத்தால் பலகை தரையை ஒட்டி அமைந்து, குழாய்கள் இருபுறமும் கைப்பிடிகளாக உயர்ந்து நிற்கும். தலைகீழாகத் திருப்பினால் அதே குழாய்கள் கால்களாகி, பலகை சிறிய இருக்கையாகிவிடும். எளிமையான, அழகான வடிவமைப்பு அது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு வந்து சேர்ந்த சட்டத்தில், மடக்கும் இடத்தைப் பூட்டும் கொக்கி பாதிதான் உள்ளே நுழைந்தது. மூன்றாம் நாள், எழுவதற்காக இடது கையை நன்றாக ஊன்றியபோது அந்தப் பக்கத்துக் குழாய் உட்புறமாக மடங்கியது. பாதி எழுந்திருந்த நான் மறுபடியும் முட்டியிலேயே விழுந்தேன். நல்ல வேளையாக மெத்தையின் மேல் விழுந்ததால் பெரிய காயம் ஏதும் இல்லை. திருப்பி அனுப்பியபோது, அதிக எடை ஏற்றியிருப்பேன் என்று விற்றவர்கள் சொன்னது இன்றும் எனக்கு வருத்தம்தான். அதில் குறித்திருந்த எடை வரம்பில் பாதிக்குச் சற்று மேல்தான் என் எடை.

அந்த அனுபவத்திற்குப் பிறகு, எந்தச் சட்டத்தையும் அதன் மேல் மண்டியிடுவதற்கு முன் நின்ற நிலையிலேயே சோதித்துவிடுகிறேன். வழுக்காத தரையில் அதை விரித்து வைத்து, கொக்கி முழுவதும் விழுந்த சத்தத்தைக் கேட்டபின், ஒரே ஒரு கைப்பிடியின் மேல் மட்டும் உடம்பைச் சாய்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் தரையை விட்டுக் கிளம்பினால் அந்தச் சட்டம் ஆகாது. இரண்டு கைகளும் சமமாக அழுத்தும் என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். உண்மையில், வலியுள்ள காலைக் காப்பாற்றும் முயற்சியில், எழுகிற வேகத்தில் ஒரு கைதான் அதிகமாக ஊன்றும். கைப்பிடி எங்கே இருக்கிறதோ அந்த இடத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு சட்டத்தின் அடிப்பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் எவ்வளவு உறுதியான இரும்பாக இருந்தாலும் கவிழும். இருக்கையாகவும் பயன்படும் சட்டங்களில் இந்தச் சிக்கல் அதிகம். இருக்கை ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகக் கால்களை வெளிப்புறமாக விரித்து அமைத்துவிடுகிறார்கள். தலைகீழாகத் திருப்பும்போது அதே கால்கள் அடிப்பரப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிகளாகிவிடுகின்றன. ஆகவே குழாய்கள் செங்குத்தாக நிற்பவற்றையே நான் விரும்புகிறேன்.

தரையைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. ஓடு பதித்த வழவழப்பான தரைக்கு ரப்பர் உறைகள் மாட்டிய அடிப்பகுதி வேண்டும். ஈரமான மண்ணில் மெல்லிய குழாய் முனைகள் புதைந்து ஒருபக்கமாகச் சாயும் என்பதால், இரு முனைகளையும் தரையை ஒட்டி ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குக் கம்பி உள்ள வகை மேல்.

மெத்தையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முட்டிச் சில்லுக்கும் தோலுக்கும் நடுவே, உராய்வைத் தடுப்பதற்காகச் சிறிதளவு திரவம் கொண்ட மெல்லிய பை ஒன்று இருக்கிறது. கடினமான தரையில் நெடுநேரம் மண்டியிட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தப் பை அழற்சியடைந்து முட்டியின் முன்புறம் பந்து போல வீங்கும்; தரை துடைத்து வாழ்ந்த பணிப்பெண்களின் பெயராலேயே ஆங்கிலத்தில் அந்த நோயை அழைக்கிறார்கள் என்பது எனக்கு மனவருத்தம் தந்த செய்தி. ஆகவே மெத்தை வேண்டும். ஆனால் மென்மை மிகுந்தால் பயனில்லை. கட்டை விரலால் ஓங்கி அழுத்தும்போது அடிப்பலகை கையில் தட்டுப்பட்டால், நம் எடைக்கு முட்டியும் பலகையைத் தொட்டுவிடும். மெல்ல அமுங்கி, எடுத்ததும் பழைய நிலைக்கு வரும் அடர்த்தியான நுரை மெத்தைதான் ஏற்றது. மெத்தை தரையைவிடச் சற்று உயர்ந்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: பாதங்கள் பின்புற விளிம்பைத் தாண்டித் தொங்குவதால், கணுக்கால் விறைத்தவர்களுக்குப் புறங்காலில் வலி எடுக்காது.

இனி இறங்கும் முறையும் எழும் முறையும். எனக்குக் கற்றுத்தந்த இயன்முறை மருத்துவர் முதல் நாளே சொன்ன செய்தி, இரண்டுக்கும் பலமுள்ள காலே பொறுப்பு என்பது. இறங்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, பலமுள்ள காலில் எடையைத் தாங்கியபடியே வலியுள்ள முட்டியை முதலில் மெத்தையில் வைக்க வேண்டும், பிறகுதான் மற்றது. எழும்போது பலமுள்ள காலை முன்னே கொண்டுவந்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி வைத்து, உடம்பைச் சற்று முன்னே சாய்த்து, மூக்கு முன்பாதத்தின் விரல்களுக்கு மேலே வரும்வரை பொறுத்திருந்து, பின்னர் கைகளால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அந்த முன்சாய்வைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உடம்பு பின்னாலேயே இருக்க, கைகள் இழுக்கத் தொடங்குகின்றன. இழுத்தால் சட்டம் நம்மை நோக்கி வரும். கையூன்றிக் கரணம் போடு என்று நம் பெரியவர்கள் சொன்னதில், ஊன்று என்ற சொல்லை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

எழுந்த உடனே கைப்பிடியை விட்டு நடக்கத் தொடங்கக் கூடாது. எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் அதை மருத்துவர்கள் ஒரு கோளாறாகவே கணக்கில் எடுக்கிறார்கள். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது நேர்வதற்கு வாய்ப்பு அதிகம். கண் இருட்டிக்கொண்டு வந்தால் பிடித்துக்கொள்ள அந்தச் சட்டம் முட்டி உயரத்தில்தான் இருக்கும். ஆகவே அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்களுக்கும், அவ்வளவு தாழக் குனிந்து பிடிக்க முடியாதவர்களுக்கும், இடுப்பு உயரக் கைப்பிடியும் அகன்ற அடிப்பகுதியும் கொண்ட உயரமான வகையே பொருத்தம். கனமானது, மூலையை அடைத்துக்கொள்ளும். ஆனாலும் அதுதான் சரி.

கைகளின் துணையோடு எழுவதைத் தோல்வியாக நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 2012-இல் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 51 முதல் 80 வயதுக்குட்பட்ட 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, கையையோ முட்டியையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி கழித்து, 10-க்கு மதிப்பெண் அளித்த ஆய்வு வெளியானது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது என்ற முடிவு எங்கும் பரவி, கையூன்றுவதே ஆயுளைக் குறைக்கும் என்பது போலப் பலர் புரிந்துகொண்டார்கள். அந்த மதிப்பெண் உடலின் வலுவையும் சமநிலையையும் காட்டும் ஓர் அளவுகோல், அவ்வளவே. வலு குறைந்தவர் கையூன்றாமல் எழ முயன்று விழுந்தால் எந்த மதிப்பெண்ணும் கூடப்போவதில்லை. மாறாக, எழ முடியாதோ என்ற அச்சத்தில் தரைக்கே போகாமல் இருந்துவிட்டால், எழும் பழக்கமே அற்றுப்போகிறது; என்றாவது தவறி விழும் நாளில் எப்படி எழுவது என்பது உடம்புக்கு மறந்திருக்கும். விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால், உடலில் நீர் வற்றுவதும், அழுந்திய தசைகள் சிதைவதும், படுக்கைப் புண் தொடங்குவதும் நேரலாம். தினமும் இரண்டு முறை சட்டத்தின் துணையோடு இறங்கி எழுவதை நான் ஒரு பயிற்சியாகவே செய்துவருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் கைகளில் விழுந்த பாரம் இப்போது குறைந்திருப்பதை என் தோள்களே சொல்கின்றன.

இரண்டாவதாக வாங்கிய நல்ல சட்டத்தைச் சென்ற மாதம் என் அக்காவின் வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். அவருக்கு இடது முட்டியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தழும்பின் வெளிப்புறத்தில் தோல் மரத்துப்போயிருப்பதால், முட்டி தரையில் படும்போது ஏதோ அந்நியப் பொருள் போலத் தோன்றுகிறது என்பார். அறுவையின்போது தோலுக்கடியில் செல்லும் சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் வரும் மரப்பு அது. மண்டியிட்டால் உள்ளே வைத்த மூட்டு உடைந்துவிடும் என்றுதான் அவர் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார். தையல் நன்றாக ஆறிய பின் மண்டியிடுவதால் பொதுவாகக் கேடு வராது என்று அவருடைய மருத்துவரே சொன்ன பிறகுதான் இசைந்தார். குதிகால்மேல் உட்கார வேண்டுமானால் முட்டி 150 பாகை அளவுக்கு மடிய வேண்டும்; அவருக்கு 110-க்கு மேல் மடியாது. ஆனால் கைப்பிடிகளை ஊன்றி இடுப்பை உயர்த்தி நிமிர்ந்து மண்டியிட 90 பாகை போதும்.

அலமாரியின் கீழ்த்தட்டுக்கு முன்னால் சட்டத்தை வைத்தேன். மரத்துப்போன முட்டி மெத்தையைத் தொட்டுவிட்டதா என்பது அவருக்குத் தெரியவில்லை; குனிந்து பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக இறங்கினார். நான் தோளைப் பிடிக்கக் கை நீட்டியபோது, "தொடாதே, நானே போகிறேன்" என்றார். இரண்டு முட்டியும் ஊன்றியதும், கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்களின் வெளுப்பு மெல்ல மாறியது. கீழ்த்தட்டின் கோடியிலிருந்து, அறுவைக்குப் பிறகு அவர் கையே படாதிருந்த பழைய புகைப்படத் தொகுப்பை எடுத்தார். அதன் அட்டையில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு, வலது பாதத்தை முன்னே வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி முன்னே சாய்ந்து, இரண்டு கைகளையும் அழுத்தி எழுந்து நின்றார். தலைசுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்துவிட்டு, சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னார். அதன் மேலேயே அமர்ந்து, தொகுப்பின் முதல் பக்கத்தைத் திறந்தார்.