வலி கண்ணில், வேர் கழுத்தில்

ஒன்றரை வருஷமாக எனக்கு இருப்பது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வலி பிடரியில் ஆரம்பித்து வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும். ஒருநாளும் இடது பக்கம் போனதில்லை. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் மைக்ரேன் மாத்திரை கொடுத்தார்கள். கண்ணாடியையும் மாற்றிப் பார்த்தேன். கைப்பையில் பனடால் அட்டை தீராமல் பார்த்துக்கொண்டேன். மாதத்தில் 15 நாள் அப்படிப் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று பிறகுதான் தெரிந்தது.

தேக்கா கடைத்தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவேன். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் வலி கூடும். இதை நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அரசாங்கப் பாலிகிளினிக் டாக்டர்தான் கேட்டார். விரல் மரத்துப்போகிறதா, நடை தள்ளாடுகிறதா, எங்காவது விழுந்தீர்களா என்று விசாரித்துவிட்டு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். எம்ஆர்ஐ ஸ்கேனில் 'வயதுக்கேற்ற தேய்மானம்' என்று வந்தது. எனக்கு எரிச்சல். வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் அப்படித் தெரியுமாம்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு மலாய்ப் பையன். மல்லாக்கப் படுக்கவைத்து, தாடை நெஞ்சில் படும்வரை என் கழுத்தை மடக்கி, அப்படியே தலையைத் திருப்பினான். இடப்பக்கம் தாராளமாகப் போனது. வலப்பக்கம் பாதியிலேயே முட்டி நின்றது, கண்ணுக்குப் பின்னால் அதே வலி. "இதுதானே ஆன்ட்டி?" என்றான். கழுத்தை மடக்கினால் கீழ் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் என்று விளக்கினான். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், கழுத்து வலியை மூளை கண் வலியாக எடுத்துக்கொள்கிறதாம்.

ஆனால் அந்தச் சோதனை இறுக்கத்தைத்தான் காட்டும், வலிப்பது எந்த மூட்டு என்று சொல்லாது. அதற்காக எக்ஸ்ரேயில் பார்த்தபடியே, இரண்டாவது மூன்றாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டின் நரம்பில் மரப்பு ஊசி போட்டார்கள். மரத்திருக்கும்வரை வலி போனால் அந்த மூட்டுதான் காரணமாம். மணிக்கொருமுறை வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று குறிக்க ஒரு தாள். காலையில் 7. ஊசிக்குப் பிறகு 1. பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துக் கிடந்தது, சீப்பு பட்டதே தெரியவில்லை. மரப்பு விட்டதும் ராத்திரி மறுபடி 6. அந்த 6-ஐ எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா பயந்துபோனார்.

ஒரு ஊசியை மட்டும் நம்பக் கூடாதாம். இன்னொரு நாள் திரும்பவும் போட்டார்கள். தாளில் கிட்டத்தட்ட அதே எண்கள்தான்.